ஏழு வயதுக்குக் கட்டிய பணம், பத்து வயதில் வந்த பெட்டி

சென்ற மாதம் வீட்டுக்கு வந்த ஒரு பெட்டியைத் திறந்தபோது, அதற்கு எப்போது பணம் கட்டினேன் என்பதே எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. உள்ளே, காட்டு விலங்குகள் வீரர்களாக உலவும் ஒரு பாத்திரமேற்பு விளையாட்டின் கெட்டி அட்டைப் புத்தகமும், பெரிய தாளில் அச்சிட்ட காட்டு வரைபடமும், ஏழு பகடைகள் கொண்ட சிறு துணிப்பையும் இருந்தன. பழைய மின்னஞ்சல்களைத் துழாவிய பிறகுதான் கணக்குப் புரிந்தது. மகளுக்கு ஏழு வயதாக இருந்தபோது, அவள் நாள் முழுவதும் தன்னை ஒரு நரி என்று சொல்லிக்கொண்டு நாற்காலிக்கு அடியில் வளை அமைத்துக் குடியிருந்த காலத்தில், அந்த நரிக்காகவே பணம் கட்டியிருக்கிறேன். பெட்டி வந்த அன்று அவளுக்குப் பத்து வயது. புத்தகத்தை இரண்டு முறை புரட்டிப் பார்த்தவள், "படமெல்லாம் நல்லா இருக்கும்மா, ஆனா இது சின்னப் பசங்களுக்குத்தானே?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

விளையாட்டை உருவாக்கியவர்கள் என்னை ஏமாற்றவில்லை. பதினான்கு மாதத்தில் தருவதாகச் சொன்னதை முப்பத்து நான்கு மாதத்தில் தந்தார்கள். இடையிடையே நிலவரத்தை எழுதினார்கள். சொன்னபடியே எல்லாம் பெட்டிக்குள் இருந்தது. தாமதமாக வந்தாலும் பொருள் நன்றாகவே இருக்கிறது. ஆனால் நான் பணம் கட்டியது ஒரு ஏழு வயதுக் குழந்தையோடு உட்கார்ந்து ஆடப்போகும் சனிக்கிழமைகளுக்கு. அந்தக் குழந்தை இப்போது எந்த முகவரியிலும் இல்லை.

இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி அறியாதவர்களுக்காக ஓரிரு வரிகள். மேசையைச் சுற்றிச் சிலர் அமர்ந்து, ஒருவர் கதைக்களத்தை விவரிக்க, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, முடிவெடுத்து, முடிவு தெரியாத இடங்களில் பகடையை உருட்டி ஆடுவதே டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-ல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகையில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. அதற்குப் பின் ஆயிரக்கணக்கில் விளையாட்டுகள் வந்துவிட்டன என்றாலும், பெரும்பாலானவை ஒருவரோ இருவரோ தம் ஓய்வு நேரத்தில் எழுதியவை. வண்ணப் படங்களோடு முந்நூறு பக்கப் புத்தகத்தை ஆஃப்செட்டில் அச்சடிக்க வேண்டுமென்றால், ஓவியர், பதிப்பாசிரியர், பக்க வடிவமைப்பாளர், அச்சகம் என அனைவருக்கும் ஒரு பிரதி விற்பதற்கு முன்பே பணம் கொடுத்தாக வேண்டும். அந்த முன்பணத்தை வாசகர்களிடமே கேட்டு வாங்கும் வழியாகத்தான் கிரவுட்ஃபண்டிங் இந்தத் துறைக்கு வந்தது.

இப்படிப் பணம் திரட்ட உதவும் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளம் 2009-ல் தொடங்கியது. கேட்ட தொகை குறித்த நாளுக்குள் சேராவிட்டால் யாருடைய வங்கி அட்டையிலிருந்தும் ஒரு காசும் எடுக்கப்படாது என்ற அதன் விதி, பணம் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரு துணிச்சலைத் தந்தது. 2012-ல் விளையாட்டு வடிவமைப்பாளர் மான்டி குக் தன்னுடைய 'நுமனேரா' விளையாட்டுக்கு 20,000 டாலர் கேட்டு, ஐந்து லட்சம் டாலருக்கு மேல் பெற்றபோது அதைப் பலரும் வாய்பிளந்து பார்த்தார்கள். 2021-ல் 'அவதார் லெஜண்ட்ஸ்' விளையாட்டுக்கு எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்து 95 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். 2024-ல் 'காஸ்மியர்' விளையாட்டு ஒன்றரைக் கோடி டாலரைத் தாண்டியது. பேக்கர்கிட், கேம்ஃபவுண்ட் போன்ற தளங்களும் இன்று இதே வேலையைச் செய்கின்றன. தனி மனிதர்கள் தூங்கும் நேரத்தைத் திருடி எழுதியவற்றோடு, பெரிய நிறுவனங்கள் தம் அடுத்த புத்தகத்துக்கு முன்பதிவு எடுப்பதும் இப்போது ஒரே பக்கத்தில், ஒரே மாதிரியான காணொளியோடு நம் முன் வந்து நிற்கிறது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுவதற்குள் எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின.

பெற்றோர் ஏன் இதில் எளிதில் விழுகிறோம் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். திருமணத்துக்கு முன் நாங்கள் ஐந்து பேர் வாரந்தோறும் கூடி நான்கு மணி நேரம் ஆடிய காலம் ஒன்று இருந்தது. இப்போது அந்த ஐந்து பேரின் நாட்காட்டிகளையும் ஒன்றாகப் பொருத்தி ஒரு மாலையைக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆகிறது. கண்டுபிடித்த மாலையில் யாருடைய குழந்தைக்காவது காய்ச்சல் வருகிறது. ஆட முடியாத அந்த வாரங்களில், குழந்தைகள் உறங்கிய பின் கைப்பேசியைத் திறந்து ஒரு திட்டத்தின் பக்கத்தைப் படிப்பதற்கு வேறு யாரும் வரத் தேவையில்லை. பத்து நிமிடம் போதும். ஓவியங்களைப் பார்க்கும்போதே என் மனத்தில் ஒரு மேசை விரிந்துவிடும். அதில் மகளும் மகனும் உட்கார்ந்திருப்பார்கள். இருவரும் சண்டை போடாமல் முறை வைத்துப் பகடை உருட்டுவார்கள். அந்தக் காட்சிக்காகத்தான் பொத்தானை அழுத்தினேன் என்பதை, ஒரே ஆண்டில் பதினொரு திட்டங்களுக்குப் பணம் கட்டிவிட்டு அவற்றுள் ஒன்றைக்கூட ஆடாமல் இருந்த பிறகுதான் ஒப்புக்கொண்டேன். ஆடுவதற்குக் கிடைக்காத நேரத்தின் இடத்தில் வாங்குவது வந்து உட்கார்ந்துகொண்டது.

அதுவும் இந்தப் பக்கங்கள் அவசரத்தை ஊட்டும் விதத்தில் அமைக்கப்பட்டவை. முதல் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் சேர்ந்தால் மட்டும் கிடைக்கும் அட்டைக்கட்டு, பணம் திரட்டும் இந்தப் பிரசாரத்தைத் தவிர வேறெங்கும் கிடைக்காத அட்டைப்படம், இறங்குமுகமாக எண்ணிக்கொண்டிருக்கும் கடிகாரம் ஆகிய மூன்றுக்கும் நான் பலியாகியிருக்கிறேன். வேறெங்கும் கிடைக்காத அந்த அட்டைப்படத்தை மேசையில் யாரும் பார்த்ததே இல்லை. புத்தகம் எப்போதும் திறந்துதானே கிடக்கிறது.

தாமதத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோருக்கு இதில் உண்மையான செலவு அதுதான். கிரவுட்ஃபண்டிங் குறித்து ஈதன் மோலிக் என்ற ஆய்வாளர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், தாம் ஆராய்ந்த திட்டங்களில் 75 விழுக்காட்டுக்கும் மேலானவை சொன்ன நாளைத் தாண்டியே பொருளைத் தந்தன என்று கண்டார். அடுத்த ஆண்டு கிக்ஸ்டார்ட்டர் திட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் செய்த ஆய்வில், பொருளைத் தரவே தவறியவை சுமார் 9 விழுக்காடு. பத்துக்கு ஒன்று கைவிடும் என்று கணக்கு வைத்துக்கொள்வது வயது வந்த ஆட்டக்காரருக்குப் பெரிய குறையில்லை. தாமதமும் அவருக்குப் பெரிய விஷயமில்லை. முப்பத்தெட்டு வயதில் ஆட நினைத்ததை நாற்பதில் ஆடலாம். ஏழு வயதில் ஆட வேண்டியதைப் பத்தில் ஆட முடிவதில்லை.

தாமதம் எங்கிருந்து வருகிறது என்று பல திட்டங்களின் நிலவரக் குறிப்புகளைப் படித்துக் கற்றுக்கொண்டேன். பணம் கேட்கும் நாளில் விதிகள் பெரும்பாலும் பாதிதான் எழுதப்பட்டிருக்கும். எழுதி முடித்து, வெளியாட்களிடம் கொடுத்து ஆடிப் பார்த்து, திருத்தி, ஓவியங்கள் வந்து, பக்கங்கள் கட்டி, மெய்ப்புப் பார்த்து, அச்சகத்தின் மாதிரிப் பிரதிக்கு ஒப்புதல் கொடுத்து, அச்சடித்து, கப்பலில் ஏற்றி, கிடங்கில் இறக்கி, ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனியாகக் கட்டி அனுப்ப வேண்டும். இந்தச் சங்கிலியில் ஓவியர் ஒருவர் நோய்வாய்ப்பட்டாலும் பின்னால் உள்ள அனைத்தும் காத்திருக்கும். 2021-ல் கண்டெய்னர் கட்டணம் பல மடங்கு ஏறியபோது, ஓராண்டுக்கு முன்பே அஞ்சல் செலவை வசூலித்து முடித்திருந்த சிறு பதிப்பாளர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அதனால்தான் இப்போது பலரும் அஞ்சல் கட்டணத்தையும் வரியையும் புத்தகம் அச்சுக்குப் போகும் நேரத்தில், பிளெட்ஜ் மேனேஜர் என்ற இணைய வசதி வழியாகத் தனியாக வாங்குகிறார்கள். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் மலிவாக வாங்கிவிட்டோம் என்று மகிழ்ந்த புத்தகத்துக்கு இரண்டு ஆண்டு கழித்து அதன் விலையில் பாதியளவு அஞ்சல் கட்டணம் கேட்டு மின்னஞ்சல் வரும்போது, அதை எதிர்பார்க்காத குடும்ப வரவு செலவு சற்றே ஆடத்தான் செய்யும்.

ஸ்ட்ரெட்ச் கோல் என்பது என் பார்வையில் இந்தத் தாமதங்களின் தாய். கேட்ட தொகையைத் தாண்டியதும், இன்னும் இத்தனை சேர்ந்தால் இன்னொரு சாகசம், அதற்கும் மேல் சேர்ந்தால் வேறொரு புகழ்பெற்ற எழுத்தாளரின் அத்தியாயம், அதற்கும் மேல் துணியில் அச்சிட்ட வரைபடம் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். புத்தகங்கள் பெரிய தாள்களில் அச்சாகி, பெரும்பாலும் பதினாறு பக்கக் கட்டுகளாக மடிக்கப்படுகின்றன. இருபது பக்கம் கூட்டினால் கட்டுகள் கூடும், முதுகு தடிக்கும், எடை ஏறும், அந்த எடை அஞ்சல் கட்டணத்தின் அடுத்த படிக்குத் தாவும். பதினைந்து வெளி எழுத்தாளர்களிடம் பதினைந்து கையெழுத்துப் பிரதிகளைத் துரத்தி வாங்குவதும் விளையாட்டை எழுதும் அந்த ஒரே ஆளின் வேலையாகிவிடும். ஸ்ட்ரெட்ச் கோலே இல்லாமல், எழுதி முடித்த நூலை மட்டும் முன்வைக்கும் திட்டத்தைக் கண்டால் எனக்கு இப்போது தனி மரியாதை வருகிறது.

இது கடையில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கிக்ஸ்டார்ட்டரே 2012-ல், தான் கடையில்லை என்று தலைப்பிட்டு எழுதியது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2015-ல் தொடுத்த முதல் கிரவுட்ஃபண்டிங் வழக்கு ஒரு பலகை விளையாட்டைப் பற்றியது என்பது எங்கள் வட்டத்தில் அடிக்கடி பேசப்படும் செய்தி. 1,22,000 டாலருக்கு மேல் திரட்டியவர் அதைத் தன் சொந்தச் செலவுகளுக்குப் பயன்படுத்தினார் என்பது குற்றச்சாட்டு. எனக்கு நேர்ந்தது அவ்வளவு பெரிதில்லை. ஒரு சிறு திட்டத்தின் நிலவரக் குறிப்புகள் மாதத்துக்கு ஒன்று என்பது காலாண்டுக்கு ஒன்றாகி, பிறகு ஒரு மன்னிப்புக் கடிதமாகி, அதோடு நின்றன. போன பணம் பெரிதாக வருத்தவில்லை. முட்டாள்தனமாக நான் மகனிடம் அதைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட்டிருந்தேன்; ஆறு மாதம் அவன் ஒவ்வொரு வாரமும் "டிராகன் வந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். பெட்டி வாசலுக்கு வரும்வரை குழந்தைகளிடம் சொல்வதில்லை என்பது அன்று எடுத்த முடிவு.

அதற்குப் பின் ஒரு விரிதாள் வைத்துக்கொண்டேன். கட்டிய தொகை, எதிர்பார்க்கும் அஞ்சல் செலவு, சொன்ன நாள் என்பவற்றோடு அதில் வேறு யாரும் வைத்திருக்க மாட்டார்கள் என்று நான் நினைக்கும் இரண்டு பத்திகள் உண்டு: பொருள் வரும்போது மகளின் வயது, மகனின் வயது. சொன்ன நாளோடு ஓராண்டைக் கூட்டித்தான் அந்த வயதைக் கணக்கிடுகிறேன். அந்த எண்ணைப் பார்த்தவுடன் பாதித் திட்டங்கள் தாமாகவே உதிர்ந்துவிடுகின்றன. ஐந்து வயதுக்கு ஏற்றது என்று சொல்லும் விளையாட்டு, மகனுக்கு எட்டு வயதாகும்போது வந்து என்ன பயன்? மறுபக்கம், இன்று மகளுக்குச் சற்றுக் கனமாகத் தோன்றும் விதிநூல் ஒன்று அவளுடைய பன்னிரண்டாவது வயதில் வந்து சேருமானால், அந்தத் தாமதமே எனக்குச் சாதகம்.

வயதைப் பற்றி என் அனுபவத்தில் தெரிந்தவை சில உண்டு. ஐந்தாறு வயதுக் குழந்தைக்கு ஒரு பகடையும் "பெரிய எண் வந்தால் நடக்கும்" என்ற ஒரே விதியும் போதும். அதற்கு யாருக்கும் பணம் கட்ட வேண்டியதே இல்லை. ஏழெட்டு வயதில், தான் ஆடும் பாத்திரத்தின் விவரங்களைக் குறிக்கும் பாத்திரத் தாளில் தன் கையால் எழுதுவதிலேயே ஆட்டத்தின் பாதி இன்பம் இருக்கிறது. என் மகள் தன் நரியின் சட்டைப்பையில் உள்ள பொருட்களின் பட்டியலை எழுதவே ஒரு மாலையை எடுத்துக்கொண்டாள். ஒன்பது பத்து வயதில் நியாயம் பற்றிய கேள்விகள் வந்துவிடும், விதிகளில் உள்ள ஓட்டைகளை அவர்கள் நம்மைவிட வேகமாகக் கண்டுபிடிப்பார்கள். இந்த வளர்ச்சியைக் கணக்கில் எடுத்து வடிவமைத்த விளையாட்டுகள் குறைவு. மான்டி குக் நிறுவனத்தின் 'நோ தேங்க் யூ, ஈவில்!' அவற்றுள் ஒன்று. 2015-ல் கிக்ஸ்டார்ட்டர் வழியாக வந்தது. அதில் மிகச் சிறிய குழந்தை தன் பாத்திரத்தை ஒரே ஒரு பெயர்ச்சொல்லால் சொன்னால் போதும். வளர வளர ஒரு அடைமொழியும், பின்னர் அந்தப் பாத்திரம் செய்யும் ஒரு செயலும் அந்த வாக்கியத்தில் சேர்ந்துகொள்ளும். ஆகவே வெவ்வேறு வயதுள்ள அக்காவும் தம்பியும் ஒரே மேசையில் உட்கார முடிகிறது. ஸ்வீடனிலிருந்து வந்த 'டேல்ஸ் ஃப்ரம் தி லூப்' விளையாட்டில் ஆட்டக்காரர்கள் பத்து முதல் பதினைந்து வயது வரையிலான சிறுவர்களாக ஆடுகிறார்கள். அந்தச் சிறுவர் பாத்திரங்கள் இறப்பதில்லை என்பது அதன் விதி. மகளுக்காக நான் இப்போது அலமாரியில் காத்து வைத்திருப்பது அதைத்தான்.

வயதுக் கணக்குக்கு அடுத்தபடியாக எனக்கு உதவியது குவிக்ஸ்டார்ட். பெரும்பாலான நல்ல திட்டங்கள் இருபது முதல் நாற்பது பக்கங்கள் வரையிலான ஒரு மாதிரிப் பிரதியை இலவசமாகத் தருகின்றன. அடிப்படை விதிகள், ஆயத்தமாக எழுதிய நான்கைந்து பாத்திரங்கள், ஒரு சிறு சாகசம் ஆகியவை அதில் இருக்கும். பிரசாரம் முடிவதற்குள் அதை அச்செடுத்துக் குழந்தைகளோடு ஒருமுறை ஆடிவிட வேண்டும் என்று எனக்கு நானே நிபந்தனை விதித்துக்கொண்டேன். ஆடுவதற்கு நேரமில்லை என்றால், அந்த விளையாட்டுக்கு இந்த வீட்டில் இடமும் இல்லை என்று பொருள். நாற்பது நிமிட ஆட்டத்தில் தெரியவரும் விஷயங்கள் நாற்பது முறை பக்கத்தைப் படித்தாலும் தெரிவதில்லை. ஒரு விளையாட்டில் ஒவ்வொரு சண்டைக்கும் மூன்று முறை கழித்தல் கணக்குப் போட வேண்டியிருந்தது; மகன் இரண்டாவது கணக்கிலேயே மேசைக்கு அடியில் போய்விட்டான். இன்னொன்றில், படத்தில் அழகாகத் தெரிந்த காட்டுப் பேய் விவரிப்பில் மகளை உண்மையாகவே பயமுறுத்தியது. எக்ஸ் கார்டு என்று ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் அறிமுகப்படுத்திய ஒரு வழக்கம் உண்டு: நடுவில் ஒரு அட்டை கிடக்கும், பிடிக்காத எதுவும் கதையில் வந்தால் யார் வேண்டுமானாலும் அதைத் தொடலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, கதை வேறு பக்கம் திரும்பும். பெரியவர்களின் மேசைக்காக உருவானது அது என்றாலும், சிறுவர்கள்தான் அதைக் கூச்சமில்லாமல் பயன்படுத்துகிறார்கள். ஒருமுறை மகன் தனக்குப் பசிக்கிறது என்பதற்காகத் தொட்டான்.

மாதிரிப் பிரதியை ஆடி முடித்த பிறகு வாங்கும் ஆசையே அடங்கிவிடுவதும் உண்டு. ஆடியாயிற்று, சிரித்தாயிற்று, இனி முந்நூறு பக்கம் எதற்கு என்று தோன்றும். அப்போது, தருவதாக ஒப்புக்கொண்ட தொகையான பிளெட்ஜைத் தயங்காமல் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பிரசாரம் நடந்துகொண்டிருக்கும்வரை கிக்ஸ்டார்ட்டர் அதற்கு இடம் தருகிறது, நாம் விலகுவதால் திட்டம் தன் இலக்குக்குக் கீழே போகும் நிலை இருந்தால் மட்டும் கடைசி நாளில் அது முடியாது. ஆசை அடங்காத விளையாட்டுகளிலும் எல்லாவற்றையும் சேர்த்துத் தரும் உச்சப் படியை நான் எடுப்பதில்லை, பெரும்பாலும் பி.டி.எஃப். மட்டும் போதுமானதாக இருக்கிறது. அச்சுப் பிரதி கிளம்புவதற்கு மாதக்கணக்கில் முன்பே அது வந்துவிடுகிறது, தேவையான நான்கு பக்கங்களை மட்டும் அச்செடுத்து மகனின் பிசுக்கான விரல்களுக்குக் கொடுத்தாலும் மனம் பதறுவதில்லை. சிறு புத்தகங்கள் மீது எனக்குத் தனிப் பற்றும் வந்திருக்கிறது. 2019 பிப்ரவரியில் கிக்ஸ்டார்ட்டர் தொடங்கிய ஜின் குவெஸ்ட் என்ற முயற்சி, ஜின் (zine) எனப்படும், மடித்துப் பின் அடித்த மெல்லிய சிற்றேடுகளாக விளையாட்டு வெளியிடுவோரை ஊக்குவித்தது. அந்த அளவில் உள்ளவை எழுதி முடிக்கவும் எளிது, அனுப்பவும் எளிது. எனக்கு இதுவரை மிக விரைவாக வந்து சேர்ந்தவையும், வந்த வாரமே ஆடப்பட்டவையும் இவைதான்.

நரிப் புத்தகத்துக்கு வருகிறேன். மகளுக்கு அது வேண்டாம் என்று ஆன பிறகு மகனிடம் காட்டினேன். அவனுக்கு இப்போது ஆறு வயது, விதிகள் இன்னும் எட்டவில்லை. பகடைப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு அதிலுள்ள இருபது முகப் பகடையைத் தூங்கும்போதும் பிடித்திருக்கிறான். காட்டில் வழியில் எதிர்ப்படக்கூடிய நூறு நிகழ்ச்சிகளின் பட்டியல் ஒன்று புத்தகத்தின் பின்பகுதியில் உள்ளது. எங்கள் பழைய ஐவர் குழு சென்ற வாரம் எப்படியோ கூடியபோது அதை எடுத்துப் பயன்படுத்தினேன், நன்றாகவே ஓடியது. வரைபடம் மகளின் அறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. நான் ஒட்டவில்லை, அவளும் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

விரிதாளில் இப்போது திறந்திருப்பது ஒரே ஒரு வரி. கடலடி நகரம் ஒன்றைப் பற்றிய விளையாட்டு. பிரசாரம் முடிய ஒன்பது நாள் இருக்கிறது. சொன்ன நாளோடு ஓராண்டைக் கூட்டினால் மகளுக்குப் பன்னிரண்டரை, மகனுக்கு எட்டரை. இன்னும் பணம் கட்டவில்லை. மாதிரிப் பிரதியை நேற்று அச்செடுத்து மேசையில் வைத்திருந்தேன். இன்று காலை பார்த்தபோது ஒரு பாத்திரத் தாளில் பெயருக்கான இடம் நிரப்பப்பட்டிருந்தது, சட்டைப்பைப் பொருட்களின் பட்டியல் ஓரத்தைத் தாண்டிப் பின்பக்கத்துக்கும் போயிருந்தது. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஆடுவதாக இருக்கிறோம்.